ஒப்புரவால் வளர்ந்த விதைக் களஞ்சியம்

மெண்டல் விதிகளும் சடுதிமாற்றத்தின் இலக்கணமும் இம்மலரைப் படிப்போர் அறியாதவை அல்ல. அவற்றை விடுத்து ஒன்றை மட்டும் நிறுவ முனைகிறேன்: மக்காச்சோள மரபியல் தலைநிமிர்ந்ததற்கு அதன் அறிஞர்கள் விதையைப் பகிர்ந்ததே முதற்காரணம். ஒப்புரவறிதலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர் பேரறிவாளனின் செல்வத்தை நிறைந்த ஊருணியாகக் கண்டார். அத்தகைய செல்வம் கார்னெல் பல்கலைக்கழகத்து எமர்சனிடம் விதையாக இருந்தது.

ஒரு புதிய சடுதிமாற்றம் எந்தக் குரோமோசோமில் அமைந்தது என்றறிய, பத்துக் குரோமோசோம்களுக்கும் உரிய அடையாள மரபணுக்களைத் தாங்கிய செடிகளோடு அதைக் கலக்க வேண்டும். கதிருக்குப் பையிட்டு, கையால் மகரந்தம் தூவி, அடுத்தடுத்த தலைமுறைகளை எண்ணிப் பார்ப்பதற்குள் பருவங்கள் கழிந்துவிடும். தனியொருவரால் ஆகாத இவ்வேலைக்காகவே 1928-இல் நியூயார்க் விடுதி அறையொன்றில் எமர்சன் தம் துறையினரைக் கூட்டினார். அதிலிருந்து, வெளியிடாத முடிவுகளையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுறவு மடலும், 1932-இல் கார்னெலில் விதைக் களஞ்சியமும் தோன்றின. களஞ்சியம் 1953-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. விதைப் பகிர்வின் பயனுக்கு ஒரு சான்று: 1931-இல் கிரைட்டனும் மெக்லின்டாக்கும் மரபணுக்கள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளும் உடன் மாறுவதைக் காட்டினர். அதற்குத் துணைநின்ற அடையாளங்களுள் ஒன்று மெழுகு மணி மரபணு. அம்மணியை 1908-இல் ஷாங்காயிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பியவர் ஒரு சமயத் தொண்டர். எங்கோ விளைந்த வித்து எங்கோ பேருண்மைக்குச் சான்றாயிற்று!

வெளியிடாத முடிவைக் கொடுத்தால் பெயரைப் பிறர் தட்டிச்செல்வாரே என்பர். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் மடலில் வந்த குறிப்பை எழுதியவரின் இசைவின்றி எடுத்தாளக் கூடாது என்ற நெறியை அவர்கள் வகுத்துக் காத்தனர். பெருமையும் காக்கப்பட்டது, விதையும் பரவியது.

பயனற்ற பழைய விதைகளைக் கட்டிக்காப்பது வீண்செலவு என்போர்க்கு ஒபேக்-2 விடை சொல்லும். ஒளி புகாத, மாவான மணியைத் தரும் இச்சடுதிமாற்றம் பல பத்தாண்டுகள் மரபுப் படத்தில் ஓர் அடையாளமாக மட்டுமே இருந்தது. 1964-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் மெர்ட்சு, பேட்சு, நெல்சன் மூவரும் அதன் புரதத்தில் லைசின் ஏறத்தாழ இருமடங்கு இருப்பதைக் கண்டனர். மணி மென்மையாகிப் பூச்சிக்கு இரையாகும் குறையை மெக்சிகோவில் நம் நாட்டவரான சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாசும் தீர்த்துத் தரமான புரத மக்காச்சோளத்தை உருவாக்கினர்; 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றனர். விதையை அன்றே எறிந்திருந்தால் 1964-இல் எதைச் சோதித்திருப்பர்?

மரபணுவைத் திருத்தும் கருவி வந்தபின் களஞ்சியம் எதற்கு என்பதே இன்றைய வினா. பெயரறிந்த மரபணுவை அக்கருவி விரைவாகச் செயலிழக்கச் செய்யும். எதைத் தேடுவது என்றே தெரியாதபோது வழிகாட்டுவது சடுதிமாற்றச் செடிதான். 2009-இல் பி73 வகையின் முழு வரிசையும் வெளியானபின், வரிசையில் கண்ட மரபணுவின் தொழிலை அறியும் தேவை பெருகியதேயன்றிக் குறையவில்லை. தாவும் மரபணுவால் உடைந்த மரபணுக்களை டபிள்யூ22 வகையில் இடங்குறித்துச் சேர்த்த ‘யூனிஃபார்ம்மியூ’ விதைகளும் அதே களஞ்சியத்தின் வழியாகவே உலகெங்கும் செல்கின்றன. ஆகவே புதிய சடுதிமாற்றத்தை விவரிக்கும் நம் இளம் ஆய்வாளர்கள் கட்டுரையோடு விதையையும் ஒப்படைக்க வேண்டும். இரட்டை நிலையில் செடியையே கொல்லும் மரபணுவாயின், அதை மறைத்துத் தாங்கும் கலப்புச் செடியின் விதையை, பெற்றோர் விவரம் எழுதிய சீட்டோடு அனுப்ப வேண்டும்.