கணினி விசிறி இரைச்சல்

கணினி விசிறி இரைச்சல் என்பது மேசைக் கணினியின் உட்பாகங்களைக் குளிர்விக்கும் விசிறிகள் வழமைக்கு மீறி எழுப்பும் ஒலியைக் குறிக்கும். செயலி, வரைகலை அட்டை, மின்வழங்கி ஆகியவற்றிலும் கணினிப் பெட்டியின் முன், பின் பக்கங்களிலும் இவ்விசிறிகள் பொருத்தப்படுகின்றன. இவ்விரைச்சல் தொந்தரவு மட்டுமன்று. தூசி அடைப்பு, தேய்மானம், மிகை வெப்பம் ஆகியவற்றின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். எனவே காரணத்தை அறியாமல் ஒலியை மட்டும் நிறுத்த முயல்வது கணினிக்குத் தீங்காக முடியக்கூடும்.

பின்னணி

1981 ஆம் ஆண்டு வெளியான ஐபிஎம் பிசி கணினியில் மின்வழங்கியில் மட்டுமே விசிறி இருந்தது. செயலிகளின் மின்நுகர்வு கூடியதால், 1990களில் செயலியின் மேல் தனி விசிறி பொருத்தும் வழக்கம் பரவியது. 2004 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எல்ஜிஏ 775 வகைத் தாய்ப்பலகைகளுடன், வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றவல்ல நான்கு ஊசி இணைப்பு பரவலானது.

அமைப்பும் இயக்கமும்

பெரும்பாலான கணினி விசிறிகள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன. 80, 92, 120, 140 மில்லிமீட்டர் ஆகியன பொதுவான அளவுகள். மூன்று ஊசி இணைப்பில் தரை, 12 வோல்ட், வேக அறிகுறி ஆகிய கம்பிகள் உள்ளன. நான்காவது கம்பி, துடிப்பு அகலப் பண்பேற்ற முறையில் ஏறத்தாழ 25 கிலோஏர்ட்சு அலைவெண்ணில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஒரு விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றோட்டமும் இருமடங்காகும். ஒலியளவோ ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி, வேகமாகச் சுழலும் சிறிய விசிறியைவிட அமைதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒலியின் தன்மையும் காரணமும்

* காற்று இரையும் ஒலி: விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. வெப்பத்தணிப்பியில் தூசி படிந்திருத்தல், வெப்பக் கடத்துப் பசை உலர்ந்திருத்தல், செயலியின் பணிச்சுமை கூடுதல் ஆகியன காரணமாகலாம்.
* உராயும் அல்லது கரகரக்கும் ஒலி: பேரிங் எனப்படும் தாங்கி தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் உயவு எண்ணெய் வற்றியிருக்கலாம். கணினியை இயக்கியதும் கேட்டுச் சில நிமிடங்களில் அடங்கும் ஒலி இதன் தொடக்க நிலையாக இருக்கலாம்.
* டக்டக் எனும் ஒலி: கம்பி ஒன்று விசிறி இதழில் படுகிறது.
* அதிர்வொலி: திருகாணி தளர்ந்துள்ளது, அல்லது இதழ்களில் தூசி சமமின்றிப் படிந்துள்ளது.

எல்லா ஒலியும் விசிறியினுடையது அன்று. பணிச்சுமைக்கேற்ப மாறும் மெல்லிய கீச்சொலி மின்தூண்டிச் சுருள்களிலிருந்து வரலாம். இது பொதுவாகத் தீங்கற்றது. வன்தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான சொடுக்கொலி திரும்பத் திரும்பக் கேட்டால், வேறெதையும் சோதிக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும்.

மூலத்தைக் கண்டறிதல்

1. பெட்டியின் பக்க மூடியைத் திறந்து, தடித்த தாளைக் குழல்போல் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு விசிறியின் அருகிலும் கேட்க வேண்டும். குழல் இதழ்களில் படலாகாது.
2. கணினியை நிறுத்தி, பெட்டி விசிறி ஒன்றின் இணைப்பைக் கழற்றிய பின் மீண்டும் இயக்க வேண்டும். ஒலி மறைந்தால் அவ்விசிறியே காரணம். செயலி விசிறியை இவ்வாறு கழற்றிச் சோதித்தல் கூடாது.
3. பயாசில் அல்லது லினக்சில் சென்சார்சு கட்டளை மூலம் வெப்பநிலையையும் சுழல் வேகத்தையும் பார்க்கலாம். வெப்பநிலையும் வேகமும் ஒருசேர உயர்ந்திருந்தால் குறை பெரும்பாலும் விசிறியில் இல்லை. வெப்பம் வெளியேறும் வழியில் உள்ளது.

சீர் செய்தல்

மின்தொடர்பை முற்றிலும் துண்டித்த பின்னரே தூய்மை செய்தல் வேண்டும். மென்தூரிகையோ அழுத்தக் காற்றோ பயன்படுத்தலாம். காற்றைப் பீய்ச்சும்போது இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளாவிடின், விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி பழுதாகலாம். வெப்பத்தணிப்பியைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

தேய்ந்த தாங்கிக்கு எண்ணெய் இடுவது தற்காலிகத் தீர்வே. விசிறியை மாற்றுவதே நிலையானது. புதிய விசிறியின் அளவு, இணைப்பு வகை, காற்று வீசும் திசை ஆகியவை பழையதுடன் பொருந்த வேண்டும். சட்டகத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகவே பொதுவாகக் காற்று வெளியேறும்.

எச்சரிக்கை

* மின்வழங்கியைத் திறத்தல் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில், இணைப்பைத் துண்டித்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதன் விசிறி பழுதானால் மின்வழங்கியையே மாற்றுதல் பாதுகாப்பானது.
* இரைச்சலிட்ட விசிறி திடீரென அமைதியானால் அது குணமானதாகக் கொள்ளலாகாது, நின்றுபோயிருக்கக்கூடும். உடனே சுழற்சியைச் சரிபார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வெப்பத்தணிப்பி
* மின்வழங்கி
* தாய்ப்பலகை