தலைக்காயமும் இரத்தக்குழாய்ச் சிக்கல்களும்

தலையில் பலத்த அடிபடும்போது மூளையைச் சார்ந்த தமனிகளும் சிரைகளும் கிழிவதாலோ சுருங்குவதாலோ அடைபடுவதாலோ உண்டாகும் பாதிப்புகள். சில உடனே தெரியும். வேறு சில, நாள்களோ வாரங்களோ கழித்தே வெளிப்படும்.

வகைகள்

மூளை உறைமேல் இரத்தக்கட்டு: பொட்டெலும்பு முறிந்து, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிவதால் வருவது. மயக்கம் தெளிந்து நன்றாகப் பேசியவர்கூடச் சில மணி நேரத்தில் மீண்டும் நினைவிழக்கலாம்.

மூளை உறைகீழ் இரத்தக்கட்டு: மூளையின் மேற்பரப்புச் சிரைகள் அறுவதால் வருவது. முதியவர்களிடமும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் சிறு அடிக்குப் பிறகும் வாரக்கணக்கில் மெல்லச் சேரும்.

தமனிச் சுருக்கம்: மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தத்தால் தமனிகள் இறுகிப் பக்கவாதம் வரலாம். பெரும்பாலும் முதல் இரு வாரங்களில் நேரும்.

கழுத்துத் தமனிக் கிழிசல்: உட்சுவர் கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று அடைக்கும்.

கரோட்டிட் தமனி–சிரைக்குழிவுத் தவறான இணைப்பு: கண் சிவந்து பிதுங்கித் துடிக்கும், தலைக்குள் இரைச்சல் கேட்கும்.

தேனி வட்டாரம்

போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு மலைச்சாலைகள், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள், தென்னை ஏறும் தொழில் ஆகியவை தலைக்காய அபாயம் மிகுந்தவை. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தேனியிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்குப் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

சி.டி. ஸ்கேன் இரத்தக்கட்டைக் காட்டும். தமனிக் கிழிசலுக்கும் தவறான இணைப்புக்கும் ஆஞ்சியோகிராம் தேவை. அழுத்தும் இரத்தக்கட்டை அறுவையில் அகற்றுவர். தவறான இணைப்பைக் குழாய் வழியே கம்பிச்சுருள் செலுத்தி அடைப்பர். 29 நாடுகளில் 12,737 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ‘கிராஷ்-3’ ஆய்வில், லேசான, நடுத்தரக் காயமுற்றோருக்கு 3 மணி நேரத்துக்குள் இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தபோது தலைக்காய மரணம் குறைந்தது.

தடுப்பும் எச்சரிக்கையும்

ஹெல்மெட் தலைக்காயத்தைக் குறைக்கும். அடிபட்டவருக்குத் தலைவலி கூடினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, எழுப்பியும் கண் விழிக்க முடியாமல் போனாலோ, ‘அசதியில் தூங்குகிறார்’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீடு திரும்பி வாரங்கள் கழித்து இவை தோன்றினாலும், முன்பு பட்ட அடியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.