நூலின் நாமகரணம்

13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசப் புகுவதற்கு முன்பாகவே, ஒரு நூலுக்குப் பெயர் எவ்வெவ் வழிகளால் வந்து சேரும் என்பதைப் பாயிரத்தில் வரையறுத்து வைத்தார். முதல்நூலை ஒட்டி வரலாம். ஆக்கியோன் பெயரால் வரலாம். அளவால், நூலுள் மிகுந்து நிற்கும் பகுதியால், நுவலும் பொருளால், செய்வித்த புரவலனால், நூலின் தன்மையால் வரலாம். இவற்றுள் ஒன்றும் பொருந்தாதபோது இடுகுறியாகவும் வரலாம். தொல்காப்பியம் ஆசிரியனால் பெயர் பெற்றது. நன்னூலோ தன் தன்மையால் பெற்றது. இத்தனை காரணங்களையும் நுட்பமாகப் பகுத்துக் காட்டிய அந்தப் பேராசிரியர், படிப்பவனின் மனத்தைக் கவரும்பொருட்டு ஒரு பெயரை வைக்கலாம் என்ற காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை மறதி என்று கொள்வதற்கில்லை. ஆசிரியனின் திருமுன் அடங்கியிருந்து பாடம் கேட்டு, ஏட்டைத் தன் கையாலேயே பிரதி செய்துகொண்ட மாணாக்கன், நூலைத் தேடி வந்தவனே ஆகையால், அவனை அழைப்பதற்கு நூலின் பெயர் முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் வசீகரமான பெயரின் வல்லமையை நம் முன்னோர் அறியாதிருந்தனர் என்று சொல்லிவிட முடியாது. பதினெண்கீழ்க்கணக்கில், பாட்டுக்கு மூன்று பொருளாக நீதி சொல்லும் நூலுக்கு நல்லாதனார் திரிகடுகம் என்று பெயரிட்டார். அது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்தின் பெயர். காரியாசான் பாட்டுக்கு ஐந்து பொருள் சொன்னார்; கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்ற ஐந்தின் வேர்களும் கூடிய சிறுபஞ்சமூலம் அவர் நூலுக்குப் பெயராயிற்று. ஆறு பொருள் சொன்ன கணிமேதாவியார், ஏலத்தை முதலாக உடைய ஆறு சரக்குகளின் சூரணமான ஏலாதியை எடுத்துக்கொண்டார். நீதி நூல் என்றவுடனே முகம் சுளிப்பவனுக்கும், இது உன் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையை ஒரே சொல்லில் ஊட்டி, அதே சொல்லில் நூலின் அமைப்பையும் எண்ணிக்கையையும் அடக்கிக் காட்டிய அந்தச் சாதுரியத்தைப் பிற்கால விளம்பரக்காரர் எவரும் விஞ்சியதாக எனக்குத் தோன்றவில்லை.

இதனினும் அரிய உதாரணம் பதிற்றுப்பத்து. உ.வே. சாமிநாதையர் 1904-இல் அதை அச்சேற்றியபோது, முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமல் எஞ்சி நின்ற 80 பாட்டுக்களில், ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப்பெயர் தாங்கியிருந்தது. அப்பெயர்கள் வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டப்பட்டவையல்ல. பாட்டின் உள்ளேயே கிடந்த சிறந்த தொடர் ஒன்றை எடுத்து நெற்றியில் சூட்டியிருக்கிறார்கள். குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடிய பாட்டுக்களில் ஒன்று, பகைவர் நாடு முன்பிருந்த வளத்தையும் பின் அடைந்த அழிவையும் சொல்வது. போரையோ வெற்றியையோ குறிக்கும் பெயர் அதற்கு எளிதில் கிடைத்திருக்கும். ஆனால் பெயரிட்டவர், அழிந்த நாட்டின் கரும்புப் பாத்தியில் ஒரு காலத்தில் மலர்ந்திருந்த பூவைக் கண்டு, ‘பூத்த நெய்தல்’ என்றார். பாட்டைப் படிக்குமுன் இனிமையாக ஒலிக்கும் அப்பெயர், படித்து முடித்தபின் நெஞ்சை அறுக்கிறது. பழைய உரைகாரரும், எச்சிறப்பால் இப்பாட்டுக்கு இப்பெயர் வந்தது என்று பாட்டுத்தோறும் விளக்கிச் செல்கிறார். ஒரு பெயரின் பொருத்தத்தை ஆராய்வதும் உரையாசிரியனின் கடமை என்று கருதப்பட்ட காலம் அது!

வைத்த பெயரே நிலைக்கும் என்ற உறுதியும் இருந்ததில்லை. கம்பர் தம் காவியத்தை இராமாவதாரம் என்றார். தமிழ் மக்கள் அதைக் கம்பராமாயணம் என்றே வழங்கி, மூலப்பெயரை வித்துவான்களின் நினைவுக்கு விட்டுவிட்டனர். சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணமும் பக்தர்களின் வாயில் பெரிய புராணமாயிற்று.

அச்சு யந்திரம் பரவிய பின்னரே நூலின் பெயர் முன்பின் அறியாத ஒருவனிடம் பேச வேண்டிய நிலை வந்தது. 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பு ஒன்றின் முகப்பேட்டைப் பார்த்தால், அது அந்தப் பேச்சுக்கு இன்னும் பழகாதிருந்தமை விளங்கும். உச்சியில் நூற்பெயர், அதன்கீழ் ‘இஃது’ என்று தொடங்கி, இன்ன ஊர் வித்துவான் இன்னாரால் இயற்றப்பட்டு, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று வரிக்கு வரி எழுத்தளவு குறைந்துகொண்டே போகும் நீண்ட வாக்கியம், அடியில் தமிழ் வருஷம். சபையில் எழுந்து குலமுறை கிளத்தும் புலவனின் கம்பீரம் அதில் உண்டு. கடைத்தெருவில் நடந்து போகிறவனை நிறுத்தும் ஆற்றல் இல்லை. அந்த ஆற்றலை முதலில் கண்டுபிடித்தவர்கள் வித்துவான்கள் அல்லர். சந்தையிலும் திருவிழாவிலும் மலிவுப் பதிப்புக்களை விற்ற பிரசுரகர்த்தர்களே. ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’, ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’ என்று அச்செழுத்தின் பருமனையே பெயரோடு சேர்த்துவிட்டார்கள். மங்கிய விளக்கொளியில், அரைகுறையாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் வீட்டார் அனைவருக்கும் உரக்க வாசித்துக் காட்டிய குடும்பங்களுக்கு, அதைவிடக் கவர்ச்சியான விசேஷணம் வேறு என்ன இருந்திருக்க முடியும்?

நாவல் பிறந்தபோது அது துணைக்கு அழைத்துக்கொண்ட சொல் ‘சரித்திரம்’. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது; மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898-இல் வந்தது. வசனத்தில் கற்பனைக் கதையைப் படித்துப் பழகாத சமூகத்துக்கு, ஒரு மனிதரின் பெயரும் சரித்திரம் என்ற கௌரவமான சொல்லும் சேர்ந்து, இது வீண்பொழுது அன்று என்ற உத்தரவாதத்தை அளித்தன. இடையில் விவேகசிந்தாமணிப் பத்திரிகையில் 1893 முதல் ராஜம் ஐயர் எழுதிய கதையோ, ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்று இரட்டைப் பெயர் பூண்டிருந்தது. ரிச்சர்ட்ஸன் 1740-இல் தம் பாமெலாவுக்கு நன்னடத்தையின் வெகுமதி என்று மறுபெயர் சேர்த்த ஆங்கிலச் சம்பிரதாயம் அது. ஒரு பாதி ஆளைக் காட்டும். மறு பாதி ஆவலைத் தூண்டும், அல்லது நீதியைச் சொல்லும். 1905-இல் இலங்கையில் சின்னப்பபிள்ளை எழுதிய ‘வீரசிங்கன் கதை அல்லது சன்மார்க்க ஜெயம்’ நீதியின் பக்கம் சாய்ந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரோ ஆவலின் பக்கமே முழுவதும் சாய்ந்தார்: ‘பாலாமணி அல்லது பக்காத் திருடன்’, ‘திகம்பர சாமியார் அல்லது கும்பகோணம் வக்கீல்’. பக்காத் திருடன் என்ற பேச்சுவழக்குச் சொல் முகப்பேட்டில் ஏறியதைப் பண்டிதர்கள் ரசித்திருக்க மாட்டார்கள், வாசகர்கள் ரசித்தார்கள். இரட்டைப் பெயர்களைக் காலம் பிரித்தெடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. ராஜம் ஐயரின் அபவாதம் உதிர்ந்துபோய்க் கமலாம்பாள் மட்டுமே நிலைத்தாள். கும்பகோணத்து வக்கீலின் கதை 1950-இல் திரைக்கு வந்தபோது, ‘திகம்பர சாமியார்’ என்ற பாதியைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆளின் பெயரையும் அல்லதுவையும் ஒருங்கே துறந்து, ஒரு மனநிலையையே பெயராக்கிய துணிவை நான் முதலில் காண்பது 1914-இல் யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலில். கிறிஸ்தவ வேதத்தின் சங்கீதத்தில் கேட்டுப் பழகிய அத்தொடரை, கணவனின் கொடுமையில் வாடும் ஒரு பெண்ணின் கதைக்கு அவர் சூட்டினார். பதிற்றுப்பத்துக்குப் பெயரிட்டவரின் வழி அறியாமலேயே திரும்பி வந்துவிட்டது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாகிறது.

வாரப் பத்திரிகைகள் தொடர்கதையை வளர்த்தபோது, கதை எழுதி முடியுமுன்பே பெயரை அறிவித்தாக வேண்டிய கட்டாயம் நேர்ந்தது. இந்தக் கட்டாயத்தைக் கலையாக மாற்றியவர் கல்கி. பார்த்திபன் கனவில் பார்த்திப மகாராஜா ஆரம்பத்திலேயே போர்க்களத்தில் மாண்டு போகிறார். அவருடைய கனவு மட்டும் கடைசி அத்தியாயம் வரை கதையை நடத்திச் செல்கிறது. பல்லவ சாளுக்கிய யுத்தத்தையே பொருளாகக் கொண்ட பெரிய நாவலுக்கு, மன்னர் எவரையும் விட்டு, ஒரு நடனப் பெண்ணின் சபதத்தைப் பெயராக வைத்தார்; அந்தச் சபதமோ வெகு தூரம் சென்ற பிறகே கதையில் நிகழ்கிறது. 1950-இல் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது, வாசகர்கள் வீராணத்து ஏரிக்கரையில் சந்தித்தது வந்தியத்தேவனை. பெயருக்குரிய அருள்மொழிவர்மனைக் காண அவர்கள் இரண்டாம் பாகத்தில் இலங்கை வரை பயணம் செய்ய நேர்ந்தது. பெயர் முன்னால் நின்று வாக்குக் கொடுக்க, கதை மெல்ல மெல்ல அதை நிறைவேற்ற, வாரந்தோறும் அந்த இடைவெளியில் வாசகனை நிறுத்தி வைத்திருந்த திறமையைக் கல்கிக்குப் பின்வந்தோர் பலர் பயின்றும் முழுவதும் கைவரப் பெறவில்லை.

எழுதிய பின் பெயரை மாற்றிய துணிவுக்கும் சான்றுகள் உண்டு. மாதவையா 1892-இல் சாவித்திரியின் பெயரில் விவேகசிந்தாமணியில் தொடங்கி இடையில் நின்றுபோன கதையை, 1903-இல் முத்துமீனாட்சியாக வெளியிட்டார். அறுபதுகளின் இறுதியில் ஜெயகாந்தன், தம்முடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை எழுப்பிய புயலிலிருந்து கங்கை என்னும் பெண்ணின் கதையை விரித்துத் தினமணி கதிரில் எழுதியபோது, அதற்கு இட்ட பெயர் ‘காலங்கள் மாறும்’. அதில் ஓர் ஆறுதல் இருந்தது. கதை முழுவதும் மறுத்து நின்ற ஆறுதல் அது. புத்தகமாகும்போது அவர் அதைக் களைந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்றார். தீர்ப்பும் இல்லாமல், வாக்குறுதியும் இல்லாமல், வினைமுற்றும் இல்லாமல் நின்ற அந்த நான்கு சொற்களோடு அந்நாவல் 1972-இன் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. 1977-இல் அதே பெயரோடு திரைக்கும் வந்தது. நாவலைப் படித்தறியாதவர்களும், யாரோ ஒருவரின் விளங்காத நடத்தையைக் கண்டு வியக்கும்போது, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேச்சை முடிக்கிறார்கள்.