கோலின் கரும்பலகையும் லூக்காவின் மீதியும்

147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போனாராம். 2-ஐ 67 முறை பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தாராம். பக்கத்திலேயே 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினாராம். இரண்டு விடையும் ஒன்றாக இருக்கவே, அவை கைதட்டியதாம். காரணிகளைத் தேட மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று கோல் பின்னர் சொன்னாராம். இதையெல்லாம் எழுதியவர் எரிக் டெம்பிள் பெல். எழுதியது 1951-இல், கோல் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. பெல் உப்புக் காரம் சேர்த்துச் சொல்பவர் என்பது தெரிந்ததே. காரணிகள் மெய்தான், யாரும் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கதை ஒன்றை மறைத்துவிடுகிறது: அந்த எண் பகா எண் அல்ல என்பது கோலுக்கு 27 ஆண்டுகள் முன்பே தெரிந்துவிட்டது. திருப்பம் என்று ஒன்றைச் சொல்வதானால் 1876-ஐத்தான் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல், 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் இவ்வகை எண்களில் பகா எண் தரும் அடுக்குகளைப் பட்டியலிட்டார். 67-ஐத் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். 1876-இல் எதுவார் லூக்கா, ஒரு காரணியைக்கூடக் காணாமலேயே, 67 அங்கே இருக்கக்கூடாது என்று காட்டினார். அவருடைய முறைக்கு 1930-களில் லெமர் தந்த எளிய வடிவம் இது: 4-இல் தொடங்கு, வர்க்கமாக்கி 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், திரும்பவும் அதையே செய். அடுக்கு 67 என்றால் 65 சுற்று. கடைசி மீதி 0 ஆனால் பகா எண், இல்லையேல் பகு எண். நேர்வழியில் காரணி தேடுவதோ வேறு வேலை. இந்த எண்ணின் காரணி எதுவும் 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க முடியும். சிறிய காரணி அந்த வரிசையில் 14,45,580-ஆவது. மற்றொரு விதியால் பாதியைத் தள்ளினாலும் 7 லட்சத்துக்கு மேல் மிஞ்சும். கோல் அவ்வளவையும் வகுத்துப் பார்க்கவில்லை. வர்க்க மீதிகளைக் கொண்டு சலித்தெடுத்தார். ஆனாலும் 65 சுற்று எங்கே, அந்தத் தேடல் எங்கே!

கோலின் பெருக்கலைப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம், லூக்காவின் கணக்கை அப்படி நம்ப முடியுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் கடைசியில் வருவது பூச்சியமல்லாத ஒரு மீதிதான். பகு எண்ணுக்கும் அப்படித்தான் வரும். ஆகவே "பகு எண்" என்ற தீர்ப்பை இன்னொருவர் முதலிலிருந்து கணக்கிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் மீதி 0 என வந்தால் நிலைமை வேறு, பிசகிய கணக்கு தற்செயலாகப் பூச்சியத்தில் போய் நிற்பது அநேகமாக நடக்காது. அதே 1876-இல், 39 இலக்கம் கொண்ட அடுக்கு 127-இன் எண்ணை லூக்கா பகா எண் என்று அறிவித்தார்; 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண்ணை எவரும் காணவில்லை. மேலும், சரிபார்க்க எளிது என்பது கோலின் விடைக்குப் பெருமையே தவிர, லூக்கா பிரித்துக் காட்டியதை அது தொடவில்லை: ஓர் எண் உடையும் என்று அறிவது ஒன்று, எங்கே உடையும் என்று அறிவது வேறொன்று.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் வகுத்த மறையீட்டு முறை இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் எந்த எண்ணையும் பகா எண்ணா என்று ஐயமறத் தீர்மானிக்கும் வேகமான வழியைத் தந்தார்கள். காரணிகளைக் கண்டுபிடிக்க அப்படியொரு வழி சாதாரணக் கணினிக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.