நேரசூசிப்படி விழும் நீர்வீழ்ச்சி



இந்த மாதம் ஒரு நீர்வீழ்ச்சியின் வரலாற்றோடு வந்திருக்கிறேன். கணக்குப் பார்க்கிறவனுக்கு நீர்வீழ்ச்சியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கும் வரும், பொறுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு செப்ரெம்பர் மாதத்தில், ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து இரண்டு வாகனங்களில் மார்டால்ஸ்பொஸ்ஸன் பார்க்கப் புறப்பட்டோம். மேற்கு நோர்வேயில், ஐகெஸ்டால் என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. படிபடியாக 650 மீற்றருக்கு மேல் விழுகிறது. ஐரோப்பாவின் மிக உயரமான நீர்வீழ்ச்சிகளில் ஒன்று. ஏழெட்டு மணி நேர ஓட்டம். புளிச்சாதம், கட்லட், சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் ஆயத்தம். பிள்ளைகள் வழமைபோல மத்பாக்க.

வாகனத்தை விட்டு, காட்டுப் பாதையில் அரைமணி நேரத்துக்கு மேல் ஏறினோம். மேலே போய் நிமிர்ந்து பார்த்தால் கறுத்த பாறைச்சுவர். அதில் ஈரம் பட்டதுபோல மெல்லிய கோடு. அவ்வளவுதான். "அப்பா, தண்ணி எங்க?" என்று மகள் கேட்டாள். பிறகுதான் விளங்கியது, இந்த நீர்வீழ்ச்சிக்கு நேரசூசி உண்டென்று. ஜூன் 20 முதல் ஓகஸ்ட் 20 வரை மட்டுமே தண்ணீர் விடுவார்கள். நாங்கள் கடை பூட்டிய பிறகு போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து இதன் வரலாற்றைத் தேடினேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த கையோடு, 1906இலேயே இந்த நாடு அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டு முதலாளிகள் நோர்வேயின் நீர்வீழ்ச்சிகளை வாங்கிக் குவிப்பதைத் தடுக்கத்தான். அந்தளவுக்கு விழுகிற தண்ணீர் இங்கே பணம். எண்ணெய் கிடைக்க முன்னமே இந்த நாட்டை நிமிர்த்தியது அதுதான். இன்றும் எங்கள் வீட்டுச் சுவர் ஹீற்றரைச் சூடாக்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரிலிருந்துதான் வருகிறது.

மார்டோலா ஆற்றின் முறை 1970இல் வந்தது. அதன் தண்ணீரை மலைக்குள்ளால் திருப்பி, பக்கத்து ரவ்மாப் பகுதியில் உள்ள கிரித்தன் மின்நிலையத்துக்குக் கொண்டுபோவது திட்டம். ஐகெஸ்டால் மக்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. நீர்வீழ்ச்சியும் போகிறது, தண்ணீரும் வேறு ஊருக்குப் போகிறது. வரவு ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம்.

அந்த ஜூலையில் சில நூறு பேர் மலைமேல் ஏறி, வேலைப்பாதையை மறித்துக் கூடாரம் அடித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் சிக்முண்ட் குவாலோய். இன்னொருவர் தத்துவப் பேராசிரியர் ஆர்னே நேஸ். பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகளுக்கு எக்ஸ்பில் பாடத்தோடு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1950இல் பாகிஸ்தானில் உள்ள திரிச் மீர் மலையுச்சியை முதன்முதலில் தொட்ட குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

அந்தப் போராட்டத்தின் முறை காந்தியிடமிருந்து வந்தது. நேஸ் காந்தியின் அரசியல் அறம் பற்றி 1955இலேயே யொஹான் கால்துங்கோடு சேர்ந்து நூல் எழுதியவர். மலையில் இருந்தவர்கள் கல் எறியவில்லை, இயந்திரத்தை உடைக்கவில்லை. பொலிஸ் வந்தபோது எழும்பாமல் இருந்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். நேசையும் அப்படித்தான் தூக்கினார்கள். எல்லோரும் அவர்களை ஆதரித்ததாக நினைக்க வேண்டாம். வேலையும் வருமானமும் எதிர்பார்த்த மக்கள் எதிர்ப்பேரணியே நடத்தினார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

போராட்டம் தோற்றது. கிரித்தன் மின்நிலையம் 1975இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1972இல் நோர்வே சுற்றாடலுக்கென்று தனி அமைச்சு அமைத்தது. 1973இல் மின்சாரத்துக்காகத் தொடக்கூடாத ஆறுகளின் முதலாவது பட்டியலை நாடாளுமன்றம் ஏற்றது. மார்டோலாவில் பழகிய முறையே 1979இல் வடக்கே அல்தா ஆற்றில், சாமி மக்களின் போராட்டத்தில் திரும்ப வந்தது. அந்த அணையும் கட்டப்பட்டது. ஆனால் 1989இல் சாமி மக்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. தோற்ற போராட்டங்களின் கணக்கை எந்த ஆண்டில் முடிப்பது என்பது எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

இனி நான் சொன்ன கணக்கு. ஜூலை முடியும்வரை செக்கனுக்கு இரண்டரைக் கனமீற்றர், ஓகஸ்டில் இரண்டு கனமீற்றர். வருடத்தில் 62 நாள் நீர்வீழ்ச்சிக்கு, 303 நாள் மின்சாரத்துக்கு. அதுவும் சுற்றுலாப் பயணிகள் வருகிற 62 நாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு ஆறே புதினம். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத்தான் ஆறு என்று சொல்லி வளர்ந்தோம். நான் முதன்முதல் கண்ட பெரிய நீர்வீழ்ச்சி, பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியா போகும் வழியில் பார்த்த தலவாக்கலை சென் கிளையர். தேயிலைக்கு நடுவே 80 மீற்றர் உயரம், அகலமாக வெள்ளைச் சேலை விரித்ததுபோல. அதற்கும் 2012இல் நேரசூசி வந்துவிட்டது. மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவாட். முதலில் போட்ட பெரிய திட்டத்தை எதிர்ப்பினால் சுருக்கினார்கள். ஆனாலும் சென் கிளையர் தப்பவில்லை. பகலில் மட்டும் ஒரு அளவு தண்ணீர் விட வேண்டும் என்பது ஏற்பாடு. அணைக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. அந்தச் சுற்றுலாவில், பேரூந்தில் நாங்கள் பைலா பாடிக்கொண்டு போனபோது, ரோட்டோரம் கொழுந்துக் கூடையோடு நின்ற தமிழ்ச் சனம் யார், எப்படி வாழுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் ஜூலையில் மார்டால்ஸ்பொஸ்ஸனுக்குத் திரும்பப் போனோம். தூரத்திலிருந்தே இரைச்சல் கேட்டது. மேற்படியிலிருந்து விழுகிற தண்ணீர் பாதிவழியில் புகையாகப் பறந்தது. அடியில் நின்ற எங்களுக்கு உடுப்பெல்லாம் நனைந்தது. மகள் இப்போது பெரியவள். ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குத் தண்ணீரைக் கொண்டுபோனதை எப்படிச் சட்டம் அனுமதித்தது என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

போக நினைக்கிற குடும்பங்கள் ஓகஸ்ட் 20க்கு முன் போங்கள். மழைச்சட்டை கட்டாயம். பாதையில் கல் கூட, வயதானவர்களுக்கு ஊன்றுதடி கொண்டுபோவது நல்லது.