பின்னிரவுக்கு ஒரு பெண்

வானொலித் துறையில் 'ஃபார்மட்' என்றொரு சொல் உண்டு. எந்த வகைப் பாட்டு, எத்தனை முறை, யார் குரலில், யார் கேட்பதற்காக என்று ஒரு நிலையம் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கேட்பதற்கு வெறும் தொழில் சொல்தான். நியூயார்க்கின் 102.7 என்ற ஒரே அலைவரிசையின் கதையைப் படித்தபிறகு எனக்கு அது அப்படித் தோன்றுவதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் பலவும் தங்கள் ஏ.எம். நிலையத்தின் நிகழ்ச்சிகளையே மறு ஒலிபரப்பு செய்துவந்தன. பெரிய நகரங்களில் பாதி நேரத்துக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது என்று அரசு ஆணையம் விதித்ததும், அந்த நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்வி வந்தது. டபிள்யூ.என்.இ.டபிள்யூ. எஃப்.எம். கண்டுபிடித்த விடை வினோதமானது. 1966 ஜூலையில் அறிவிப்பாளர்கள் எல்லோரையும் பெண்களாகவே அமர்த்தியது. பாட்டுகள் எவரையும் உறுத்தாத மெல்லிசை. வானொலி என்றால் ஆண் குரல் என்று பழகிய ஊரில் பெண் குரலே விளம்பரத் தந்திரமாயிற்று. பெண்களுக்கு வேலை கிடைத்தது உண்மைதான். தந்திரம் எடுபடாவிட்டால் அந்த வேலைக்கு என்ன ஆகும் என்பதும் அதிலேயே எழுதியிருந்தது.

அடுத்த ஆண்டே நிலையம் ராக் இசைக்கு மாறியது. வேறு நிலையத்தில் பாட்டுப் பட்டியலைத் தன்மேல் திணித்ததை எதிர்த்து ஒலிபரப்பிலேயே ராஜினாமா செய்த ராஸ்கோ இங்கே வந்தார். ஸ்காட் மூனி வந்தார். பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர் அலிசன் ஸ்டீல் ஒருவர்தான். அவருக்குக் கிடைத்தது பின்னிரவு.

விளம்பரதாரர் யாரும் கவலைப்படாத அந்த நேரத்தை ஸ்டீல் தன்னுடையதாக்கிக்கொண்டார். 'நைட்பேர்ட்' என்று தன்னை அழைத்துக்கொண்டார். குழலிசை பின்னால் ஒலிக்கக் கவிதை வாசித்தார்; இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே விழுங்கும் நீண்ட பாடல்களை ஒலிக்கவிட்டார். அந்த நாளில் அங்கே அறிவிப்பாளரே பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைப் பொறுத்தவரை கதையின் மையம் இதுதான். 1966-ல் விலைபோனது அவருடைய குரல்; இப்போது அவருடைய ரசனை ஒலிபரப்பானது. பில்போர்ட் இதழின் சிறந்த பண்பலை ஆளுமை விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

அறிவிப்பாளர் தேர்ந்தெடுத்த காலம் நீடிக்கவில்லை. ஆலோசகர்களும் சந்தை ஆய்வும் பட்டியலோடு வந்தார்கள். பெண் பாடகிகள் இருவரை அடுத்தடுத்து ஒலிக்கவிடாதே என்ற எழுதாத விதி பல நிலையங்களில் வேரூன்றியது. அதைக் கண்டு சலித்த சாரா மெக்லாக்லன் 1997-ல் பெண் கலைஞர்களை முன்னிறுத்தி 'லிலித் ஃபேர்' இசைப் பயணத்தைத் தொடங்கினார். அதன்பிறகும், 2015-ல், கீத் ஹில் என்ற ஆலோசகர் கன்ட்ரி இசை வானொலியை சாலட்டுக்கு ஒப்பிட்டார்: ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் அங்கங்கே தூவும் தக்காளி. கூட்டம் கேட்க வேண்டுமானால் பெண்களைக் குறையுங்கள் என்பது அவர் அறிவுரை. இதைச் சொன்னவர் கோபத்தில் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

102.7-க்கு வருவோம். 1999-ல் ராக் போய் இளம் ஆண்களுக்கான வம்புப் பேச்சு வந்தது. 2002-ல் அந்நிலையத்தின் போட்டி ஒன்றுக்காக ஒரு தேவாலயத்துக்குள் நடந்த கூத்தால் அதன் முக்கிய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. உடனே நிலையத்துக்குப் பெண்கள் நினைவு வந்தது, இம்முறை நேயர்களாக. 2003-ல் 'பிளிங்க்', 2007-ல் 'ஃப்ரெஷ்' என்று பெண்களைக் குறிவைத்த பெயர்கள். பாட்டுகள் மறுபடியும் உறுத்தாதவை.

ஸ்டீல் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1979-ல் அங்கிருந்து விலகிய அவர், பத்தாண்டு கழித்து நியூயார்க்கின் வேறொரு ராக் நிலையத்துக்கு வந்தார். 1995-ல் இறந்தார். புதிய நிலையத்தில் அவருக்குக் கொடுத்ததும் பின்னிரவு இரண்டு மணி முதல்தான்.