நத்தையும் சாட்டையும்: படத்தில் வரையாமல் விட்டவை

உத்திரமேரூர்ல பொறந்தவனுக்குக் குடவோலைப் படம் புதுசில்லை. ஒரு பானை, ஓலைத்துண்டுகள், உள்ளே கைவிடும் சின்னப் பையன், சுற்றிலும் பெரியவர்கள். பள்ளிக்கூடத்துல இந்தப் படத்தைக் காட்டித்தான் ‘ஜனநாயகம் பிறந்த ஊர்’ என்றார்கள். சேரிப் பிள்ளைகள் நாங்களும் சேர்ந்து கை தட்டினோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) என்ன சொல்கின்றன என்று பிறகுதான் படித்தேன். பானைக்குள் பேர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிய வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர் சபை. படம் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டும் வரைந்தது. வரையாத பாதியில்தான் நாம இருக்கிறோம்.

இந்தப் பாடத்தோடுதான் சங்கரின் கார்ட்டூனை வாசிக்க வேண்டும். 1949 ஆகஸ்டில் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் வந்தது. நத்தையின் மேல் அம்பேத்கர், கையில் சாட்டை. நத்தையின் மேல் ‘அரசியலமைப்புச் சட்டம்’ என்ற எழுத்து. பின்னால் நேரு, சாட்டையை ஓங்கியபடி. சுற்றி ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. நாம ‘ஆமை வேகம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘நத்தை வேகம்’ என்பார்கள். அந்தச் சொல்லையே உருவமாக்கியது முதல் உத்தி. அந்தச் சாட்டை யாருக்கு, நத்தைக்கா, அதன்மேல் இருப்பவருக்கா என்று சொல்லாமல் விட்டது இரண்டாவது உத்தி. நத்தைக்குத்தான் என்பார் ஒருவர். சாட்டையடி பட்ட பாட்டனின் பேரன் அப்படிப் பார்ப்பானா? கோடு ஒன்றுதான், பார்க்கிற உடம்பு வேற.

மூன்றாவது உத்தி, விட்டுவிடுவது. வரைவுக்குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சமஸ்தான வேலையில், ஓரிருவர் டில்லிக்கு வெளியே. பாரமெல்லாம் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னவர் நம்ம சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சபையில் முன்மொழியப்பட்டுத் தீர்க்கப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. படத்தில் அந்தக் காலி நாற்காலிகள் எங்கே? திருத்தக் கட்டு எங்கே? அவற்றை வரைந்திருந்தால் நத்தைக்கு வேலையில்லை. அந்த நத்தையும் மூன்றே மாதத்தில், நவம்பர் 26இல், ஊர் போய்ச் சேர்ந்தது.

2006இல் இந்தப் படம் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஏறியது. 2012இல் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் பிரச்சினையை எழுப்பினார். மே மாதம் அமைச்சர் கபில் சிபல் படத்தை நீக்குவதாக அறிவித்தார். பாடநூலின் ஆலோசகர்கள் சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அறையை அடித்து நொறுக்கினார்கள். அது அம்பேத்கர் காட்டிய வழியல்ல.

‘அம்பேத்கரே பொறுத்துக்கொண்டார், உங்களுக்கென்ன?’ என்று கேட்டவர்கள் உண்டு. 1949இல் அதைப் பார்த்தவர்கள் பத்திரிகை வாங்கிய பெரியவர்கள். பாடநூலிலோ, வகுப்பில் பக்கத்து பெஞ்சு சிரிக்கும்போது தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையும் அதைப் பார்க்கிறாள். கேள்வி, அவளுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான்.

படத்தைக் கிழித்தால் அவளுக்குப் பதில் கிடைத்துவிடாது. மறைத்தாலும் கிடைக்காது. காலி நாற்காலிகளைப் பக்கத்தில் வரைந்து காட்டணும். குடவோலைப் பானைக்குப் பக்கத்தில் அந்தக் கால் வேலி நிலத்தையும் வரையணும். சுவர் விளம்பரமோ, கார்ட்டூனோ, எந்தப் படம் எதிரே வந்தாலும் நம்ம பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘இதுல யாரைக் காணோம்?’